செசிலி நெவிலின் கொடிவழிப் படமும் கிருஷ்ணகிரியின் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையும்

பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சீமாட்டி ஒருவருடைய உறவுமுறைப் படத்தை, ஆறடி நீளத்திலும் நான்கடி உயரத்திலும் தமிழில் அச்சடித்துத் தர வேண்டும் என்று கேட்டபோது, தருமபுரியில் நான் படியேறிய இரண்டு அச்சகங்களும் கையை விரித்துவிட்டன. டிசைனை நானே முடித்துக் கொண்டுவந்தால் அடித்துத் தருகிறோம் என்பதுதான் இரண்டு இடத்திலும் கிடைத்த பதில். அந்த வேலையைக் கடைசியில் செய்து கொடுத்தது, கிருஷ்ணகிரியில் ஐந்து ரோடு ரவுண்டானாவைத் தாண்டிப் பெங்களூரு சாலையில், ஒரு மாடியில் நடக்கும் கல்யாணப் பத்திரிகைக் கடை. முகூர்த்த மாதங்களில் வரும் வேலைக்கே ஆள் போதவில்லை, அதனால் பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே பெயரை விட்டுவிட்டு அவர்கள் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இம்முறை நான் பேச ஒப்புக்கொண்ட பொருள், யார்க் கோமகள் செசிலி நெவிலின் வாழ்க்கை. இங்கிலாந்தின் அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் என்ற இரண்டு அரச கிளைகள் முப்பது ஆண்டுகள் போரிட்ட காலத்தவர். 1415 மே 3 அன்று வட இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியிலுள்ள ரேபி கோட்டையில் பிறந்து, 1495 மே 31 அன்று பெர்க்ஹாம்ஸ்டெட் கோட்டையில் எண்பது வயதில் இறந்தவர் அவர். இரண்டு அரசர்களைப் பெற்றவர், ஓர் அரசிக்குப் பாட்டி, பின்னாளில் எட்டாம் ஹென்றியான குழந்தைக்குக் கொள்ளுப்பாட்டி. ஆனால் தாம் ஒருநாளும் முடிசூடியதில்லை. இவர் கதையை வாய்மொழியாகச் சொல்லப் புகுந்தால் பத்தாவது நிமிடத்தில் கேட்பவர் தலை சுற்றிவிடும். கணவர் பெயர் ரிச்சர்ட், மாமனார் பெயர் ரிச்சர்ட், அண்ணன் பெயர் ரிச்சர்ட், அண்ணன் மகன் பெயர் ரிச்சர்ட், பிழைத்த மகன்களில் கடைசியானவர் பெயர் ரிச்சர்ட், பேரன் ஒருவன் பெயரும் ரிச்சர்ட். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்கும் பழக்கம்தான் என்றாலும், ஒரே பெயரை நாலு பக்கமும் இறைத்துவிட்டால் சுவரில் ஒரு படம் இல்லாமல் ஆகாது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வடிவமைப்புக்கு 1,500 ரூபாய். வினைலில் அச்சடித்துச் சன்போர்டு என்ற ஃபோம் பலகையில் ஒட்டித் தருவதற்குச் சதுர அடிக்கு 90 ரூபாய் வீதம் 24 சதுர அடிக்கு 2,160 ரூபாய். ஆக மொத்தம் 3,660 ரூபாய். ஃபிளெக்ஸில் அடித்தால் இதில் பாதிகூட ஆகாது என்று அவர்களே சொன்னார்கள், ஆனால் சுருட்டி விரிக்கும் ஃபிளெக்ஸில் சிறிய எழுத்துகள் அலை அலையாகத் தெரியும் என்பதையும் கேட்காமலே சொன்னார்கள். விலை மலிவும் இல்லை, கொள்ளையும் இல்லை.

வடிவமைப்பு வேலையைச் செய்தவர் கோரல்டிரா மென்பொருளில் பத்திரிகை அமைக்கும் ஓர் இளம்பெண். வீட்டில் தெலுங்கு பேசுபவர். நான் கொடுத்த கைப்படத்தில், இத்தகைய படங்களில் வழக்கமாக இருப்பதுபோல, உச்சியில் மூன்றாம் எட்வர்ட் அரசரும் அவருக்குக் கீழே அவருடைய மகன்களும், பெண்கள் எல்லோரும் கணவன்மாரின் பக்கத்தில் ஒட்டுக் கட்டமாகவும் இருந்தார்கள். அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பேச்சு யாரைப் பற்றியது என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் அந்த அம்மாளை நடுவில் வைத்து, இடப்பக்கம் பிறந்த வீட்டையும் வலப்பக்கம் புகுந்த வீட்டையும் வைத்துவிடலாமே, பத்திரிகையில் மணமகன் வீட்டார், மணமகள் வீட்டார் என்று அப்படித்தானே பிரிக்கிறோம் என்றார். முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்திய எனக்கு இது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படி மாற்றியதும் படத்தின் பொருளே துலங்கியது. இடப்பக்கத்தில் தந்தை ரால்ஃப் நெவில், வெஸ்ட்மோர்லாந்துப் பிரபு. இரண்டு மனைவியரிடம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர். செசிலி இரண்டாம் தாரத்துக் கடைக்குட்டி. தாய் ஜோன் போஃபர்ட், மூன்றாம் எட்வர்டின் மகனான காண்ட்டின் ஜானுக்கும் கேத்தரின் ஸ்வின்ஃபர்டுக்கும் மணமாகும் முன்னரே பிறந்தவர். 1396இல் பெற்றோர் மணந்துகொண்ட பிறகே அவரும் அவருடைய உடன்பிறந்தாரும் முறையான வாரிசுகளாக ஏற்கப்பட்டார்கள். இப்படிப்பட்ட பிறப்பைப் புள்ளிக்கோட்டால் காட்டுவது ஐரோப்பியப் படங்களின் வழக்கம் என்று நான் சொல்ல, பின்னால் கல்யாணம் நடந்துவிட்டது என்றால் கோட்டை முழுசாகவே போட்டுவிடுவோம், புள்ளி வைத்தால் பார்க்கிறவர்கள் அதையேதான் பார்ப்பார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். பத்திரிகையில் ஒரு சித்தப்பாவின் பெயர் விட்டுப்போனதற்காக மண்டபத்தில் கைகலப்பு வரை போனதைக் கண்டவர்களின் பட்டறிவு அது. கோடு முழுதாகவே இருக்கிறது.

வலப்பக்கத்தில் கணவர், யார்க் கோமகன் ரிச்சர்ட். அவருடைய தந்தை 1415இல் அரசத் துரோகக் குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டவர்; பெரியப்பா அதே ஆண்டு அஜின்கோர்ட் போரில் இறந்தவர். பெற்றவர் இல்லாத அந்தச் செல்வச் சிறுவனின் காப்பாளராகும் உரிமையை 1423இல் ரால்ஃப் நெவில் 3,000 மார்க் பணம் கொடுத்து வாங்கி, மறு ஆண்டே தம் ஒன்பது வயது மகளுக்கு நிச்சயம் செய்துவிட்டார். பையனுக்கு அப்போது பதின்மூன்று.

இந்த இடத்தில்தான் வேலை இரண்டு நாள் நின்றது. ஒவ்வொரு கல்யாணக் கோட்டையும் இழுக்கும்போது, இவர் இவருக்கு என்ன முறை என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே வந்தார். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'கசின்' என்ற ஒரே சொல்லைப் போட்டு மூடிவிடுவதால் இந்தக் கேள்வி அங்கே எழுவதே இல்லை. நம் கணக்கில் போட்டுப் பார்த்தால் வருகிற விடைகள் எனக்கே வியப்பாக இருந்தன. யார்க் கோமகனின் தந்தையும் செசிலியின் தாயும் அண்ணன் தம்பி பிள்ளைகள். ஆகவே தந்தை வழியில் செசிலி அவருக்கு அத்தை மகள், கட்டுகிற முறை. ஆனால் கோமகனின் தாய் ஆன் மார்ட்டிமர் வழியாகப் போனால், மூன்றாம் எட்வர்டின் இன்னொரு மகன் லயனலிலிருந்து பிலிப்பா, ரோஜர், ஆன் என்று மூன்று தலைமுறை இறங்க வேண்டியிருப்பதால், செசிலி அவருக்குப் பாட்டி முறை ஆகிவிடுகிறார். கடையில் பத்திரிகை திருத்த வந்திருந்த ஒரு பெரியவர், பெண்ணுக்கு வயது பையனைவிடக் குறைவுதானே, அப்பன் வழியையே வைத்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார்.

பிள்ளைகளின் கல்யாணங்கள் இதைவிடச் சுவையானவை. குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்கள் ஆன், எட்வர்ட், எட்மண்ட், எலிசபெத், மார்கரெட், ஜார்ஜ், ரிச்சர்ட் என ஏழு பேர். இவர்களில் கிளாரன்ஸ் கோமகன் ஜார்ஜ் 1469 ஜூலை 11 அன்று கலே நகரில், அண்ணன் எட்வர்ட் அரசரின் விருப்பத்துக்கு மாறாக, வாரிக் பிரபுவின் மகள் இசபெல்லை மணந்தார். வாரிக், செசிலியின் அண்ணன் மகன்; ஜார்ஜுக்கு மாமன் மகன், அதாவது மைத்துனர். மைத்துனர் மகள் அக்கா மகள் முறை. வாரிக்கின் மனைவி வழியாகக் கணக்குப் போட்டாலும், அவர் யார்க் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் பேத்தி என்பதால், ஜார்ஜுக்கு அக்கா முறைதான் வருகிறார். அக்கா மகளைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் இன்றும் எத்தனையோ வீடுகளில் நடக்கிற சங்கதி. அந்தப் பெண்ணும் உடனே "மேனகோடலு" என்று சொல்லிக் கோட்டை இழுத்துவிட்டார். ஆனால் அன்றைய திருச்சபைக்கு அது விலக்கப்பட்ட உறவு. போப்பிடமிருந்து சிறப்பு அனுமதி வாங்கித்தான் மணம் முடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சம்பந்தத்தின் பலத்தில் மாமனாரும் மருமகனும் அரசருக்கு எதிராகக் கலகம் செய்ததும், வாரிக் 1471இல் பார்னெட் போரில் மடிந்ததும், ஜார்ஜ் 1478 பிப்ரவரியில் சொந்த அண்ணனின் ஆட்சியிலேயே லண்டன் கோபுரத்தில் கொல்லப்பட்டதும் பேச்சில் சொல்ல வேண்டியவை. படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் இருக்கிறது.

மகள் மார்கரெட் 1468 ஜூலை 3 அன்று பர்கண்டி நாட்டுக் கோமகன் சார்லஸை மணந்தார். இந்தக் கோட்டை இழுக்க அந்தப் பெண் மறுத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். சார்லஸின் தாய் இசபெல்லா, காண்ட்டின் ஜானுடைய மூத்த தாரத்து மகள் வயிற்றுப் பேத்தி. செசிலி, மூன்றாம் தாரத்து மகளின் மகள். அப்படியானால் இசபெல்லாவும் செசிலியும் அக்கா தங்கை, சார்லஸ் பெரியம்மா மகன், மார்கரெட்டுக்கு அண்ணன் அல்லவா என்று கேட்டார். ஆம். திருச்சபைக்கோ இதுவும் முந்தையதும் ஒன்றுதான். இரண்டுக்கும் அனுமதி வேண்டும், இரண்டும் கிடைத்தன. நமக்கு ஒன்று உரிமை, மற்றொன்று தகாதது. இந்த வேறுபாட்டைப் படத்தில் காட்ட, முறையான சம்பந்தங்களுக்கு மஞ்சள் கோடும் முறை தப்பியவற்றுக்குச் சாம்பல் கோடும் போடலாம் என்ற யோசனை அவருடையது. எந்த ஐரோப்பியப் புத்தகத்திலும் இப்படி ஒரு வண்ணப் பிரிவை நான் பார்த்ததில்லை.

மஞ்சள் கோடுகளில் மிக அழகானது கடைசிக் கோடு. 1486 ஜனவரி 18 அன்று லங்காஸ்டர் தரப்பின் ஏழாம் ஹென்றி, செசிலியின் பேத்தி எலிசபெத்தை மணந்தார். இருவருமே காண்ட்டின் ஜானுக்கும் கேத்தரினுக்கும் வழித்தோன்றல்கள். ஹென்றி மகன் வழியில், எலிசபெத் மகள் வழியில். கட்டம் கட்டமாக இறங்கினால் ஹென்றியின் தாய் மார்கரெட் போஃபர்ட்டுக்கு, எலிசபெத்தின் தந்தையும் செசிலியின் மகனுமான நான்காம் எட்வர்ட் அண்ணன் முறை ஆகிறார். ஆகவே எலிசபெத், ஹென்றிக்கு மாமன் மகள். முப்பது ஆண்டுப் பகைக்கு முற்றுப்புள்ளி வைத்த திருமணம் என்று பாடப்புத்தகங்கள் எழுதுகிற அந்தச் சம்பந்தம், நம் ஊர்த் திண்ணையில் கேட்டால் உரிமைப் பெண்ணை உரியவன் கட்டியது.

இறந்தவர்களின் பெயருக்கு முன் 'அமரர்' போட வேண்டுமா என்று ஒரு கட்டத்தில் கேட்டார்கள். ஐந்நூறு ஆண்டுகளில் எல்லோருமே அமரர்தான் என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன். வீடு வந்த பிறகு, அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது என்று பட்டது. 1460 டிசம்பர் 30ஐ வெட்டுக்கோடாக வைத்து, அன்றைக்கு யார் இருந்தார், யார் போனார் என்று காட்டச் சொன்னேன். அன்று வேக்ஃபீல்டு போரில் செசிலி கணவரை இழந்தார், பதினேழு வயது மகன் எட்மண்டை இழந்தார், அண்ணன் மகன் தாமஸை இழந்தார். பிடிபட்ட அண்ணன் சால்ஸ்பரிப் பிரபுவின் தலை மறுநாள் போனது. தாய்மாமனும் மருமகனும் ஒரே போரோடு முடிந்தார்கள். தலைகள் யார்க் நகரின் மிக்கிள்கேட் வாயிலில் செருகி வைக்கப்பட்டன. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நடுகற்களில் மாடு மீட்டு மாண்டவனின் பெயரும் அவன் தலைவனின் பெயரும் இருக்கும். பெற்றவள் பெயரைக் காண்பது அரிது. செசிலியை நடுவில் வைத்த இந்தப் படத்தில் அந்தப் போரின் கறுப்பு வளையங்கள் நான்கும் அவரைச் சுற்றியே விழுகின்றன. அதற்கு முன்னரே எதிரணியில் இருந்த இரு சகோதரிகளும் தாலி அறுத்திருந்தார்கள்: எலினாரின் கணவர் 1455இல் செயின்ட் ஆல்பன்ஸில், ஆனின் கணவர் 1460 ஜூலையில் நார்தாம்டனில். 1459 இறுதியில் கணவரும் மூத்த மகன்களும் தப்பியோடிய பிறகு லட்லோவில் அகப்பட்ட செசிலியைக் காவலில் வைக்க, அரசர் தரப்பு ஒப்படைத்தது இந்த ஆனிடம்தான். அக்கா வீட்டுச் சிறை. அக்காவும் தங்கையும் அந்த மாதங்களில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்கு இன்றும் யோசிக்க யோசிக்கத் தீராத இடம்.

குறைகளும் உண்டு. ஐந்து நாளில் தருவதாகச் சொன்ன வேலை பன்னிரண்டு நாள் இழுத்தது. இடையில் இரண்டு முகூர்த்தங்கள் வந்துவிட்டன. அலங்காரத்துக்காக நான் கேட்காமலே நாலு மூலையிலும் ரோஜா வைத்திருந்தார்கள், அதுவும் ஓசூர்ப் பண்ணையிலிருந்து ஏற்றுமதிக்குப் போகிற மாதிரி நீண்ட காம்பும் அடுக்கிதழும் கொண்ட சிவப்பு ரோஜா. யார்க் குடும்பத்தின் சின்னம் ஐந்து இதழ் கொண்ட வெள்ளைக் காட்டு ரோஜா. யார்க், லங்காஸ்டர் சண்டைகளுக்கு 'ரோஜாப் போர்கள்' என்ற பெயரே பிற்காலத்தில் பரவியது. எடுத்துவிடச் சொன்னேன், எடுத்தார்கள், ஆனால் வலது கீழ் மூலையில் ஒன்று தப்பிவிட்டது. யூனிகோடிலிருந்து அவர்களுடைய பழைய ஃபாண்டுக்கு மாற்றும்போது 'ஃ' உதிர்ந்துபோய், யார்க் குடும்பத்தின் கோட்டை இருந்த ஃபோதரிங்கே என்ற ஊர்ப்பெயர் இரண்டு இடங்களில் போதரிங்கே என்று நிற்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் புரூஃபைப் பெரிதாக்கினால் எழுத்து மங்கிவிடுகிறது; நேரில் போய்த் திரையில் பார்ப்பதே நல்லது. அப்படிப் பார்த்தும் என் கண்ணுக்குத் தப்பிய பிழை ஒன்று உண்டு: தாய் பிறந்த அதே மே 3ஆம் நாளில் பிறந்த மார்கரெட்டின் பிறந்த ஆண்டு 1446 என்பது 1464 என்று அச்சாகி, அவரை நான்கு வயதில் மணமகளாக்கிவிட்டது. கடையில் காசு வாங்காமல் அதே நிறத்தில் ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார்கள். பளபளப்பு லேமினேஷனைத் தேர்ந்தது என் தவறு. டியூப்லைட் வெளிச்சம் பட்டால் பின்வரிசைக்கு எட்வர்டின் பிள்ளைகள் தெரிவதில்லை. மேட் லேமினேஷன் கேளுங்கள். மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான்.

ஆனால் மொத்தப் படத்திலும் எனக்குப் பிடித்த பகுதி, நான் கடைசி நேரத்தில் சேர்க்கச் சொன்ன ஒரு மெல்லிய பச்சைக் கோடு. செசிலியின் கடைசி மகன் மூன்றாம் ரிச்சர்ட் 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வர்த்தில் இறந்தார். அவருடைய எலும்புகள் 2012இல் லெஸ்டர் நகரின் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தன. அவை அவருடையவைதாமா என்று அறிய, தாய் வழியாக மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை, அவருடைய அக்கா ஆனின் பெண்வழித் தோன்றல்களிடம் எடுத்து ஒப்பிட்டார்கள். பொருந்தியது. ஆண்வழி வந்ததாகக் கருதப்பட்டவர்களின் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. எங்கோ ஒரு தலைமுறையில் ஏட்டிலிருந்த தந்தையும் உண்மைத் தந்தையும் வேறாகியிருக்கிறார்கள். எந்தப் படங்களில் பெண்கள் ஒட்டுக் கட்டமாக இருந்தார்களோ, அந்தப் பரம்பரையில் கடைசிவரை அறுபடாமல் வந்தது கேத்தரின், ஜோன், செசிலி, ஆன் என்ற இந்த இழைதான். அதைப் படத்தின் விளிம்பைத் தொடும்வரை நீட்டி, அங்கே அம்புக்குறி வைக்காமல் அப்படியே விட்டுவிட்டார் அந்தப் பெண். ஏன் என்று கேட்டதற்கு, இன்னும் போகிறதுதானே என்றார்.

செசிலியின் கடைசிக் காலத்துக்குப் படத்தில் இடம் போதவில்லை. பெர்க்ஹாம்ஸ்டெட்டில் காலை ஏழு மணிக்கு எழுந்து வழிபாட்டில் தொடங்கி, பதினொரு மணி உணவின்போது சமய நூல் படிக்கக் கேட்டு, பிறகு ஒரு மணி நேரம் வந்தவர்களின் குறை கேட்டு, இரவு உணவில் பகலில் கேட்டதை உடனிருப்போருக்குத் தாமே எடுத்துச் சொல்லி, எட்டு மணிக்குப் படுக்கைக்குப் போகிற ஒழுங்கு அவருடையது. மகன்கள் நால்வரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். தம் நூல்களைத் துறவிகளாகியிருந்த இரண்டு பேத்திகளுக்கு, மகன் வழிப் பேத்தி பிரிஜெட்டுக்கும் மகள் வழிப் பேத்தி ஆனுக்கும், உயிலில் எழுதி வைத்தார். இந்த இரு பெயர்களுக்கும் ஒரு சிறிய துணைப்பலகை, ஒன்றரை அடிக்கு ஓரடியில், அடுத்த வாரம் அடிக்கக் கொடுக்கப் போகிறேன்.

போகிறவர்கள் தை, வைகாசி, ஆவணி மாதங்களைத் தவிர்த்துவிட்டு, செவ்வாய் அல்லது சனிக்கிழமை மதியம் போனால் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். பெயர்களைத் தமிழில் எழுதியே எடுத்துச் செல்லுங்கள். உச்சரிப்பை அங்கே போய் முடிவு செய்யலாம் என்று நினைத்தால் கிளாரன்ஸ் பத்து விதமாக வந்து நிற்பார். முறை தெரியாத உறவு ஒன்றாவது உங்கள் படத்தில் இருந்தால் அதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் கேட்பார்கள்.